வண்டியை விற்க வேண்டாம், சத்தத்தை இறக்குங்கள்

வாசகர் கேள்வி:

ஐயா, எனக்கு வயது 28. ஏற்காடு லூப் ரோட்டில் ஒரு சின்ன ஊர். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். தினமும் மலை இறங்கி ஏறுகிறேன். ஐந்து வருடம் சேர்த்த பணத்தில் போன வருடம் ஒரு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கினேன், 2014 மாடல். பழைய ஓனர் கம்பெனி சைலன்ஸரைக் கழற்றிவிட்டு, சத்தம் அதிகம் போடுகிற இந்தூரி சைலன்ஸர் மாட்டியிருந்தார். அப்படியே ஓட்டுகிறேன். ஆர்சி (பதிவுச் சான்று) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ப் பையன்கள் பதினைந்து பேர் எங்கள் ஊர் வழியாக வண்டியை முறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருவர் பயந்து ஒதுங்கப்போய் விழுந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் அன்றைக்கு டூட்டியில் இருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பினால் தெருவே என்னைப் பிடித்துக்கொண்டது. "இந்தப் புல்லட்காரனுங்களே இப்படித்தான்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இதே தெருவில் ஒரு குழந்தைக்கு நடு ராத்திரியில் காய்ச்சல் கொதித்தபோது இந்த வண்டியில்தான் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அது யாருக்கும் ஞாபகம் இல்லை. பாட்டியைப் போய்ப் பார்க்கவும் தயக்கமாக இருக்கிறது. போனால் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

"அதை வித்துட்டு ஒரு ஸ்கூட்டர் வாங்கு, பொண்ணு கேட்டுப் போற இடத்துல அசிங்கமா இருக்கு" என்கிறார் மாமா. நண்பர்களோ ஒரு புல்லட் கிளப்பில் சேரச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய? பைக் ஓட்டுகிறவன் என்றாலே ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

வண்டியை விற்க வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோது, பாதி மனதாக விலை விசாரிக்கவே தொடங்கிவிட்டீர்களோ என்று தோன்றியது. அது ஐந்து வருடச் சேமிப்பு. யாரோ செய்த தப்புக்கு நீங்கள் வண்டியை விற்பதில் நியாயமும் இல்லை, உங்கள் தெருவுக்கு அதனால் நிம்மதியும் வரப்போவதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாக இன்னொரு கூட்டம் வரத்தான் போகிறது.

ஆனால் வண்டியை இப்போது இருக்கிற நிலையிலேயே தொடர்ந்து ஓட்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். சைலன்ஸர், ஆர்சி என்று இரண்டு காரியம் பாக்கி இருக்கிறது. இரண்டையும் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் சேலத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வேலையில் இருக்கிறவன் கண்ணுக்கு, உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

அதற்கெல்லாம் முன்னால் பாட்டி. இதைப் படித்த அன்றைக்கே போய்ப் பாருங்கள், நடந்தே போங்கள். "நான் அன்னைக்கு டூட்டியில இருந்தேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். கை எப்படி இருக்கிறது, ராத்திரி வலிக்கிறதா, மாவுக்கட்டு எப்போது பிரிக்கிறார்கள் என்று கேளுங்கள். வயதானவர்களுக்கு லேசாக விழுந்தாலே எலும்பு ஏன் முறிகிறது என்று லேபில் வேலை பார்க்கிற உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கால்சியம், வைட்டமின் டி பார்க்கச் சொன்னார்களா என்று விசாரியுங்கள். கட்டுப் பிரிக்கும் நாளில் சேலத்துக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். போனால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்கிறீர்கள். தம்பி, ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒரு மாதமாகப் போகாமல் இருப்பதுதான் பார்க்கிறவர்களுக்கு ஒப்புக்கொண்ட மாதிரி இருக்கும்.

அப்புறம், அந்தக் குழந்தையின் காய்ச்சல் விஷயம். அதை எங்கேயும் சொல்லிக் காட்டாதீர்கள். அன்று ராத்திரி உங்கள் பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்த தாய்க்கு அது மறக்கவே மறக்காது. சண்டை நடந்த அந்த நேரத்தில் அவர் வாய் திறக்கவில்லை என்பது உங்களுக்கு வலித்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் தெருவே கோபத்தில் நிற்கும்போது ஒரு பெண் தனியாக எழுந்து உங்களுக்காகப் பேசுவது லேசான காரியம் இல்லை. அதை அவர்மேல் ஒரு கடனாக வைக்காதீர்கள்.

சரி, ஏன் இப்படிப் பார்க்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தேன். அப்போது எங்கள் பட்டறைக்கு வரும் புல்லட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்ஸ்பெக்டர், மண்டிக்காரர், ஏற்காட்டு எஸ்டேட்காரர்கள் என்று எல்லாம் தெரிந்த முகங்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து இங்கே புல்லட் செய்ய ஆரம்பித்தபோது முதல் பெரிய வாடிக்கை இந்திய ராணுவம். அப்புறம் போலீஸ். அதனால் அந்தச் சத்தத்துக்கே ஒரு அதிகாரம் இருந்தது. புல்லட் வரும் சத்தம் கேட்டுத் திண்ணையில் இருந்தவர்கள் எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். அதிலும் பயம் இருந்தது. ஆனால் வருகிறவர் யார் என்று தெரிந்த பயம்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கே பொறுமை வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை மெல்ல அழுத்தி, அம்மீட்டர் முள்ளை நடுவில் கொண்டுவந்து, அப்புறம்தான் உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடித்துக் காலைப் பதம் பார்த்துவிடும். அந்த வண்டி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் நிதானமானவர்களாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். வண்டியே அவர்களைப் பழக்கிவிடும். இன்றைக்குப் பொத்தானை அழுத்தினால் போதும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பழக்கம் போய்விட்டது.

யமஹா ஆர்எக்ஸ் 100 கதையைக் கேளுங்கள். 1985 முதல் 1996 வரைதான் அது இங்கே தயாரானது. 98 சிசி டூ ஸ்ட்ரோக், எடை குறைவு, பிடித்தால் பாயும். பேப்பரில் செயின் பறிப்புச் செய்தி வந்தால் கூடவே அந்த வண்டியின் பெயரும் வரும். என்னிடம் ஆர்எக்ஸ் 100 சர்வீஸுக்கு விட்டவர்கள் யார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார், பால்காரர், அம்மாப்பேட்டைத் தறிக்காரர், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர். ஒருத்தரும் யார் கழுத்திலும் கை வைத்ததில்லை. ஆனால் வண்டிச் சோதனை என்றால் முதலில் ஓரங்கட்டச் சொல்வது அவர்களைத்தான். பிறகு பல்சர் வந்தது, அதற்கும் அதே பெயர். அப்புறம் டியூக். வண்டிதான் மாறியது, பார்வை மாறவில்லை.

இதற்கு நேர் எதிராக டிவிஎஸ் 50-ஐப் பாருங்கள். 1980-ல் ஓசூரிலிருந்து வந்த வண்டி. பால் கேன், கீரைக்கட்டு, உங்கள் மலையில் காபி மூட்டை, மிளகு மூட்டை, பின்னால் மனைவி, முன்னால் பிள்ளை. ஹெல்மெட் இல்லாமல் வருவார்கள், ஒன்வேயில் எதிரே வருவார்கள், எல்லாம் உண்டு. ஆனாலும் அதை ஓட்டுகிறவருக்கு ஊரில் கெட்ட பெயர் இல்லை. அந்த வண்டி எங்கே போகிறது, எதற்குப் போகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை வரும் பதினைந்து வண்டி எதற்கு வருகிறது என்று உங்கள் பாட்டிக்குத் தெரியாது. ஹெல்மெட் மூடிய தலை, கறுப்பு ஜாக்கெட், தெரியாத முகம், கூடவே அந்தச் சத்தம்.

அதிலும் மலையில் ஒரு விஷயம் இருக்கிறது. கீழே சேலத்தில் வண்டி வந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மேலே முதலில் காதுக்குத்தான் வரும். இரண்டு வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போதே சத்தம் வந்துவிடும். மலைச்சரிவில் பட்டுத் திரும்புவதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றும் புரியாது. சாலையோரம் நடந்து போகிற வயதானவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தடுமாறிப்போவார். பாட்டி விழுந்தது அப்படித்தான் இருக்கும். அதே சாயங்காலம் அதே மாதிரி ஒரு சத்தம் தெருவுக்குள் நுழைகிறது. அது நீங்கள்தான், வேலை முடிந்து களைத்து வீடு திரும்புகிற பையன்தான் என்பது முகத்தைப் பார்த்தால்தானே தெரியும். காதுக்கு எல்லாம் ஒன்றுதான். உங்கள் தெரு உங்களை வெறுக்கவில்லை, தம்பி. காலையில் பயந்த பயம் சாயங்காலம் உங்கள் தலையில் இறங்கியது.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் இதுவரை எழுதியதில்லை.

நான் சொந்தமாகப் பட்டறை போட்ட பிறகு எத்தனையோ வண்டிகளுக்கு இந்த மாதிரி சைலன்ஸர் மாட்டியிருக்கிறேன். இந்தூரி, ஷார்ட் பாட்டில், கோல்ட் ஸ்டார், பையன்கள் எதைக் கேட்டாலும் மாட்டிக் கொடுத்தேன். நல்ல வருமானம். கணக்கே வைத்ததில்லை. எங்கள் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் வந்தான். அவன் வண்டிக்கும் மாட்டினேன். ஏழெட்டு மாதம் கழித்து ஹைவேயில் ஒரு லாரி மோதி அவன் இறந்துபோனான். சைலன்ஸருக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தம் இல்லை. அவன் தப்பும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து அவனுடைய அப்பா பட்டறைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார், டீ வாங்கிக் கொடுத்தேன், குடித்தார். அப்புறம் சொன்னார்: "நீங்க இங்க ஒவ்வொரு வண்டியையும் முறுக்கிப் பாக்கறப்ப அவன் வர்ற மாதிரியே இருக்குதுங்க. அவங்கம்மா ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசலுக்குப் போயிடுறா."

அன்றைக்கு ஒரு வண்டி பாதி வேலையில் நின்றிருந்தது. அதற்குப் பழைய சைலன்ஸரையே திருப்பி மாட்டி அனுப்பினேன். அதற்குப் பிறகு என் பட்டறையில் அந்த வேலை கிடையாது. கோபித்துக்கொண்டு போன வாடிக்கைகள் உண்டு, போகட்டும். அதற்கு முன்னால் அத்தனை வருடம் அக்கம்பக்கத்து வீடுகளில் கைக்குழந்தை இருந்திருக்கும், நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருந்திருப்பார், பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்திருக்கும். ஒருத்தர்கூட என்னிடம் வந்து சொன்னதில்லை. சொல்லாததால் யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

உங்கள் வண்டிக்கு வருவோம். கம்பெனி சைலன்ஸரை அறுத்துப் பார்த்தால் உள்ளே தடுப்புத் தகடுகளும் அறைகளும் இருக்கும். புகை அதில் மோதித் திரும்பித் திரும்பி வெளியே வருவதற்குள் சத்தம் அடங்கிவிடும். நீங்கள் வைத்திருப்பதில் அப்படி ஒன்றும் இல்லை, கிட்டத்தட்ட வெறும் குழாய். புகை தங்குதடையில்லாமல் வெளியேறுவதால் இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் சேரும் கணக்கு மாறிவிடும். உங்களுடையது கார்புரேட்டர் வண்டி. அதில் பெட்ரோலை அளந்து விடுகிற சின்னத் துளைக்கு ஜெட் என்று பெயர். ஜெட் மாற்றாமல் சைலன்ஸரை மட்டும் மாற்றினால் கலவையில் பெட்ரோல் குறைந்துபோகும். இன்ஜின் சூடு ஏறும். பிளக்கைக் கழற்றினால் வெள்ளையாக இருக்கும்.

மலை இறங்கும்போது வண்டி பட்டாசு மாதிரி வெடிக்கிறதா? கட்டாயம் வெடிக்கும். ஆக்சிலரேட்டரை மூடிக்கொண்டு கியரில் இறங்குகிறீர்கள். அந்த நேரத்தில் இன்ஜினுக்குள் முழுசாக எரியாத பெட்ரோல் ஆவி சூடான குழாய்க்குப் போய், அங்கே கிடைக்கிற காற்றோடு சேர்ந்து எரிகிறது. குழாய் சேரும் இடத்தில் கேஸ்கெட் சரியில்லாமல் காற்று உறிஞ்சினால் இன்னும் அதிகமாக வெடிக்கும். ஆக, வேலைக்குக் கிளம்பும் காலை நேரத்தில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் நீங்கள் வெடித்துக்கொண்டே இறங்குகிறீர்கள். நீங்கள் எதையும் முறுக்கவில்லை, நிதானமாகத்தான் போகிறீர்கள். ஆனால் கேட்கிறவருக்கு அது வம்புக்குச் செய்வதாகத்தான் தெரியும்.

இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. அந்த வெடிச்சத்தத்துக்குக் கூச்சப்பட்டுச் சிலர் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலில் போட்டோ இறங்குவார்கள். ஊர் பேசிய பிறகு நீங்களும் அப்படிச் செய்யத் தொடங்கியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஏறக்குறைய 190 கிலோ வண்டி, உங்கள் எடை வேறு. இன்ஜின் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் எல்லாம் பிரேக்கில் இறங்கும். உங்கள் வண்டிக்கு முன்னால் டிஸ்க் என்றாலும் பின்னால் டிரம் பிரேக்தான். நாலு வளைவு தொடர்ந்து மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ்ஸும் 2014 வண்டியில் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயமானது 2018-க்குப் பிறகுதான். வெடித்தாலும் பரவாயில்லை, சைலன்ஸர் மாற்றும்வரை கியரிலேயே இறங்குங்கள்.

ஒரிஜினல் சைலன்ஸருக்காகப் புதுசு வாங்க ஓடாதீர்கள். முதலில் விற்றவரைக் கேளுங்கள். இந்தூரி மாட்டிய முக்கால்வாசிப் பேர் கம்பெனி சைலன்ஸரைப் பரணில்தான் போட்டு வைத்திருப்பார்கள். கிடைத்தால் துருவும் ஓட்டையும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மாட்டும்போது கேஸ்கெட் புதுசாகப் போடச் சொல்லுங்கள், பழையதையே போட்டால் வெடிப்பு நிற்காது. பழைய ஓனர் ஜெட்டையும் மாற்றியிருக்கிறாரா என்று கார்புரேட்டரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 175 சிசிக்கு மேற்பட்ட இருசக்கர வாகனம் சோதனையில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது விதி. பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்த அளவை மீறினால் முதல் தடவையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம், லைசென்ஸையும் மூன்று மாதத்துக்கு முடக்கலாம். தினமும் வண்டியில் வேலைக்குப் போகிறவருக்கு மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆர்சி விஷயம் இதைவிடப் பெரியது. ஒரு வருடம் வேறொருவர் பெயரில் இருக்கிற வண்டியை ஓட்டியிருக்கிறீர்கள். வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, படிவம் 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் காசைக் கொடுத்து, சாவியை வாங்கி, கையெழுத்துப் போட்ட படிவத்தைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். நம்பிக்கைதான் என்பார்கள். உங்களுக்கு விற்றவரும் நல்லவராகவே இருக்கலாம்.

அந்த நல்லவருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாருங்கள். பல கை மாறிய ஒரு கார் வழக்கில், 2018-ல் உச்ச நீதிமன்றம், ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. நாளைக்கு உங்கள் வண்டி யார்மேலாவது பட்டுவிட்டால் நஷ்ட ஈடு கேட்டு நோட்டீஸ் அவர் வீட்டுக்குப் போகும். பாட்டி விஷயத்தில் நீங்கள் செய்யாததற்கு உங்களைப் பிடித்தார்களே என்று எவ்வளவு வேதனைப்படுகிறீர்கள். அதே நிலையில் ஒரு வருடமாக அவரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உங்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, இது உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கும் என்பதால் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி இன்சூரன்ஸோடு, ஓட்டும் உரிமையாளருக்கென்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. ஆர்சி, பாலிசி, லைசென்ஸ் மூன்றிலும் ஒரே பெயர் இருந்தால்தான் அது செல்லும். இன்றைய நிலையில் உங்களுக்கு ஏதாவது ஆனால் அதிலிருந்து உங்கள் அம்மா கைக்கு ஒரு ரூபாய்கூட வராது.

இந்த வாரமே விற்றவரைக் கூட்டிக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள். வண்டிமேல் பழைய சலான் பாக்கி இருக்கிறதா, பைனான்ஸ் கடன் அடைத்து, பாக்கி இல்லை என்ற என்ஓசி சான்று வாங்கியிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், அங்கேதான் பலருக்கு இழுத்தடிக்கும். தாமதத்துக்கு அபராதக் கட்டணம் கொஞ்சம் கட்ட வேண்டியிருக்கும், கட்டிவிடுங்கள்.

இனி மாமா. அவர் அசிங்கம் என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் கொடுக்கிறவர் மனதில் ஓடுகிற கேள்வி, இவன் ராத்திரி பத்திரமாக வீடு வந்து சேருவானா என்பதுதான். சேலத்தில், அதுவும் தொப்பூர்க் கணவாய் விபத்துகளைப் பேப்பரில் படித்துப் படித்துப் பழகிய நம் ஜில்லாவில், அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாமாவிடம் கோபப்படாமல் ஒரு விவரம் சொல்லுங்கள். தினமும் மலை இறங்குகிறவருக்கு ஸ்கூட்டர்தான் பாதுகாப்பு என்று எண்ணுவது சரியில்லை. ஸ்கூட்டரில் கியரைக் குறைத்து இன்ஜினால் பிடித்து இறங்குகிற வசதி கிடையாது, இறக்கம் முழுக்க பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். சக்கரமும் சின்னது, மழையில் அரித்த ரோட்டில் குழி விழுந்தால் தூக்கிப் போடும். உங்கள் பாதைக்கு, ஒழுங்காக வைத்திருந்தால், உங்கள் வண்டிதான் ஏற்றது. நான் பட்டறை வைத்திருப்பதால் இதைச் சொல்லவில்லை, என் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன்.

சொன்னால் மட்டும் நம்பமாட்டார். சைலன்ஸர் மாற்றிய பிறகு, ஒரு நாள் அவரைப் பின்னால் உட்கார வைத்து, அவருக்கும் ஒரு நல்ல ஹெல்மெட் கொடுத்து, அடிவாரம் வரை கூட்டிப்போய்த் திரும்பக் கூட்டி வாருங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், அதை மாமா என்பதற்காக விட்டுவிடாதீர்கள். வழியில் ஒவ்வொரு வளைவிலும் மேலே ஏறி வருகிற பஸ்ஸுக்கு நின்று வழிவிடுங்கள். அடுத்த முறை பெண் கேட்டுப் போகும் இடத்தில் உங்கள் ஓட்டத்தைப் பற்றிப் பேச அவருக்குச் சொந்தமாக நாலு வார்த்தை இருக்கும். நீங்கள் பேசுவதைவிட அவர் பேசுவது அங்கே எடுபடும்.

கிளப்பில் சேருவதும் சேராததும் உங்கள் விருப்பம். எனக்கு அதில் வெறுப்பு இல்லை. என் பட்டறைக்கு வரும் கிளப் பையன்களில், வழியில் விபத்தைப் பார்த்தால் இறங்கி ரத்தத்தைத் துடைத்து ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதே கூட்டத்தில் வளைவில் வண்டியை நிறுத்திக் குரங்குக்கு சிப்ஸ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். சேரும் முன் ஒரு ஞாயிறு அவர்களோடு போய்ப் பாருங்கள். ஊருக்குள் நுழையும்போது அவர்கள் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஆக்சிலரேட்டரை விடுகிறதா, திருகுகிறதா. அதில் தெரிந்துவிடும்.

சேர்ந்தீர்கள் என்றால், மேலே குடியிருக்கிறவர் என்ற முறையில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. லூப் ரோட்டில் எங்கே பள்ளிக்கூடம், எங்கே காபி காயவைக்கிற களம், சாயங்காலம் எந்த நேரத்தில் எஸ்டேட் வேலை முடிந்து பெண்கள் சாலையோரம் நடந்து வருவார்கள் என்பதெல்லாம் சேலத்திலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வருகிற பையனுக்கு எப்படித் தெரியும்? காபிப் பறிப்பு நடக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. பதினைந்து வண்டி ஒன்றாக நுழைவதை விட்டு, நாலு நாலாகப் பிரிந்து, இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் மேலே வரவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்காத கூட்டம் என்றால் அந்தக் கிளப் உங்களுக்கு வேண்டாம்.

தெரு உடனே மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொஞ்ச நாள் ஆகும். நடுவில் யாராவது மறுபடியும் ஒரு வார்த்தை சொல்வார்கள், பதில் சொல்லாமல் போய்விடுங்கள். ஊர் எல்லை வந்ததும் ஒரு கியர் கூட்டி, ஆக்சிலரேட்டரைக் குறைத்து, வண்டி உருளுகிற வேகத்தில் வீட்டுக்கு வாருங்கள். ராத்திரி டூட்டி முடிந்து வருகிற நாளில், கடைசி இறக்கத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டு உருட்டி வரலாம் என்று தோன்றும். அது வேண்டாம், மெதுவாக வந்தாலே போதும்.

சைலன்ஸர் மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உங்கள் வண்டிக்கு இரண்டு பிளக், இரண்டையும் பார்க்க வேண்டும். வெளிர்பழுப்பாக இருந்தால் கலவை சரியாகிவிட்டது. கறுத்துக் கரி பிடித்திருந்தால் பழைய ஓனர் போட்ட பெரிய ஜெட் உள்ளேயே இருக்கிறது, அதை மாற்ற வேண்டும். இன்னும் வெள்ளையாகவே இருந்தால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கோ காற்று உறிஞ்சலாம். அப்படி இருந்தால் எனக்கு எழுதுங்கள். பாட்டி கை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.